தப்பாக மன்னித்துவிட்டேன்

எனக்குக் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னொருவர் சொன்னதால் வந்த வினைதான் இது முழுவதும். பள்ளிக்கூடத்தில் என் சாக்பீஸ் குறி தப்பாது. வீட்டில் நான் பாத்திரம் கழுவும் சத்தத்தை வைத்தே, டீ கேட்கலாமா வேண்டாமா என்று என் கணவர் முடிவு செய்வார். வந்த வேகத்தில் போய்விடும் கோபம்தான் என்று என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அது போகும்போது யாரையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், ரயில்வே கேட்டைத் தாண்டினால் எங்கள் தெரு. பதினொரு கிறிஸ்தவக் குடும்பங்கள்; மற்றவர்கள் எல்லாம் இந்துக்கள். இந்தப் பதினொரு வீடும் சேர்ந்ததுதான் எங்கள் அன்பியம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த பங்கில் அக்கம்பக்கத்து வீடுகளை ஒரு குழுவாகச் சேர்த்து, மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். முறை வைத்து வீடு மாறும். ஒரு பாட்டு, பைபிள் வாசகம், சின்னதாக ஒரு பேச்சு, பிறகு மன்றாட்டு, கடைசியில் சுண்டலும் டீயும்.

எங்கள் அன்பியத்தில் மன்றாட்டுதான் விசேஷம். எழுதிவைத்து வாசிக்கிற பழக்கம் கிடையாது. அவரவர் மனதில் இருப்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்; சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். நேருக்கு நேர் சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லும் சாக்கில் சொல்லிவிடலாம். "குப்பையை அடுத்தவர் வாசலில் தள்ளுகிறவர்களுக்கு நல்ல மனதைத் தாரும்" என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அடுத்த மூச்சிலேயே எதிர்ப்பக்க நாற்காலியிலிருந்து, "பொய்ப்பழி போடுகிறவர்களை மனந்திருப்பும்" என்று பதில் வரும். இரண்டுக்கும் நாங்கள் ஒரே பக்தியோடு கேட்டருளும் என்போம். ஆண்டவர் பாடு திண்டாட்டம்தான்.

எதிர்வீட்டு அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவர். ஐந்து மா நிலத்தை, ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு எடுத்துத் தானே நின்று விவசாயம் பார்ப்பவர். என் மகளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி நின்று, இவளுக்கு நான் பொறுப்பு என்று சாமியாரிடம் சொன்னவர். வெறும் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது தஞ்சாவூரில் ஆறு நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடந்தார். என் மகளோடு மூன்று வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்துபோயிருக்கிறார். என்னை அவர் கூப்பிடுவது, "ஏய் டீச்சரு!" தெருவில் வேறு யாருக்கும் அந்தத் தைரியம் கிடையாது.

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். நன்னிலம் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் துபாயில் இருந்தான். நல்ல குடும்பம், பூசை ஜெபம் என்று பக்தியான ஆட்கள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சம்பா அறுவடை முடிந்த நேரம். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், எல்லோரும் செய்வதுபோலத் தெருவில் ஒரு வார்த்தை விசாரிக்க நினைத்திருக்கிறார்கள். ரோடு முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்ததால் கார் நின்றிருக்கிறது. அங்கே காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர் அக்கா. நல்லதாகப் போயிற்று என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள்.

காரில் தரகரும் இருந்தார். அதனால் வார்த்தை மாறாமல் எனக்கு வந்து சேர்ந்தது.

"பொண்ணு தங்கம்ங்க. படிப்பு, வேலை எதுலயும் குறை சொல்ல முடியாது. கோபம் மட்டும் அவங்கம்மா மாதிரி."

"அம்மாவுக்குக் கோபம் எப்படி?" என்று பையனின் அம்மா கேட்டிருக்கிறார்.

"அத நேர்ல போயி பாத்துக்குங்க."

அவர்கள் நேரில் வந்து பார்க்கவில்லை. நெல்மேலேயே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். தரகர் இதைச் சொல்லி முடித்தபோது நான் கையிலிருந்த டம்ளரை வைத்த வேகத்தைப் பார்த்து, அவர் காபி குடிக்காமலே எழுந்துவிட்டார்.

சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். நாற்பது நாள் கறிமீன் தொடாமல், சிலுவைப்பாதைக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாரம் அன்பியத்தில் தலைப்பே மன்னிப்புதான். எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்க வேண்டும் என்று பேசினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் மன்னிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தில் ஒரு குறையும் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். அதற்கு அடுத்து நான் வாயைத் திறந்ததுதான் தப்பு.

மன்றாட்டு நேரத்தில் எழுந்து நின்றேன். "ஆண்டவரே, கூடவே இருந்து எனக்குக் குழி பறித்த என் எதிர்வீட்டுச் சகோதரியை நான் முழு மனதோடு மன்னிக்கிறேன். அவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்."

பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழக்கத்தில் எல்லோரும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து, ஒவ்வொரு தலையாக அக்கா பக்கம் திரும்பியது. எனக்கு எதிர்வீடு ஒன்றே ஒன்றுதான். அக்கா எழுந்தார், வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார், போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு மனசு லேசாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. வெகுநாளைக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் தூங்கினேன்.

மறுநாள் காலையில் பால் வாங்க வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்து, "வாங்க டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றார். அந்த "ங்க" என் முதுகில் ஈரத்துணியைப் போட்டதுபோல இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அக்கா எனக்குக் கொடுத்த முதல் மரியாதை அது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், எனக்கு முன் பெஞ்சில் நின்றிருந்தவர் வலது பக்கம் கும்பிட்டார், இடது பக்கம் கும்பிட்டார், பின்னால் திரும்பவே இல்லை. மாதாவின் சுரூபத்தைக்கூட ஒருதரம் கும்பிட்டார். நான் கூப்பிய கையோடு நின்றேன். மன்னித்தது நான்; முகத்தைத் திருப்புவது அவரா என்று எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. அன்பியத்துக்கு அவர் வருவதும் நின்றது.

ஈஸ்டருக்கு முன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் சின்ன வயசு, மெதுவாகப் பேசுவார். எதிர்வீட்டு அக்கா செய்ததில் ஆரம்பித்து, சமாதானம் சொல்லாதது, அன்பியத்தைப் புறக்கணித்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"அம்மா, இதையெல்லாம் அவங்க வந்து சொல்லிக்குவாங்க. நீங்க உங்க பாவத்தைச் சொல்லுங்க."

"நான்தான் மன்னிச்சிட்டேனே ஃபாதர்."

"நீங்க மன்னிச்சது அவங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் ஃபாதர்."

எங்களுக்கு நடுவில் இருந்த கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பிறகு, "பரலோக மந்திரத்தை மெதுவா ஒரே ஒரு தடவை சொல்லுங்க, போதும்" என்றார். நாங்கள் தினமும் சொல்லும் சின்ன ஜெபம் அது. இவ்வளவு சின்ன அபராதமா என்று ஏமாற்றத்தோடு வந்து, கடகடவென்று சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஈஸ்டருக்கு மகள் வந்தாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அக்கா வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு வரும். இங்கிருந்து கேக் போகும். அந்த வருஷம் மத்தியானம் தாண்டியும் தூக்குச்சட்டி வரவில்லை.

"பெரியம்மா ஏன்மா வரல?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். அன்பியத்தில் மன்னித்ததையும் சொன்னேன். மகள் பாராட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே தட்டில் வைத்தாள்.

"அம்மா, அந்த எடத்தைத் தட்டிவிடச் சொல்லி பெரியம்மாகிட்ட கேட்டதே நான்தான்."

கல்யாணமானால் வேலையை விட்டுவிட்டுத் துபாய்க்கு வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பையன் போனில் சொல்லியிருக்கிறான். அவளுக்கு அது வேண்டாம். என்னிடம் சொல்ல முடியாமல் தன் ஞானத்தாயிடம் போய் அழுதிருக்கிறாள். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "நெசமாவே வேணாமா?" வேண்டாம் என்றதும், "சரி, விடு, நான் பாத்துக்கிறேன். ஒங்கம்மாவுக்குத் தெரிய வேணாம், ஆடித் தீர்த்துடுவா" என்றிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"மூணு தடவ சொன்னேம்மா. மூணு தடவையும் நீ டிவி சத்தத்தக் கூட்டின."

ஈஸ்டருக்கும் குறுவை நடவுக்கும் நடுவில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதம் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், மகளிடம் கோபப்பட்டேன். தரகரிடம் கோபப்பட்டேன். உண்மையைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் என்னை இப்படிப் பாவியாக்கிவிட்டாரே என்று அக்காவிடமும் கோபப்பட்டேன். எதிர்வீட்டு வாசல் விளக்கு எரிகிறதா என்று தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனாலும் கால் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு அக்கா வேண்டும். அவர் இல்லாமல் என் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் நடந்ததில்லை. நாளைக்கு மகள் கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் அவர் நிற்காவிட்டால், அது எனக்குக் கல்யாணமாகவே இருக்காது. இதெல்லாம் தெரிந்தும் போகவில்லை. கடைசியில் ஒருநாள் என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மன்னிக்கிறதுக்கு மட்டும் ஓடின. மன்னிப்பு கேக்கறதுக்குக் கால் வலிக்குதா?"

மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது. அக்காவின் வயலில் நடவு என்று தெரிந்துகொண்டு, சனிக்கிழமை காலையில் அங்கேயே போனேன். வீட்டு வாசலில் நின்று கேட்டால் தெரு பார்க்கும் என்று என் கணக்கு. வயலில் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை. நான் வரப்பில் வழுக்கி ஒரு காலைச் சேற்றில் விட்டதும் பன்னிரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"வாங்க டீச்சர், இவ்வளவு தூரம்?" என்றார் அக்கா. இரண்டு கையிலும் நாற்றுக்கட்டு.

"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்க்கா."

பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றோம். மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றேன். ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. என்னை மன்னிச்சிடுங்க என்று அழ ஆரம்பித்தேன்.

அக்கா நாற்றைக் கீழே வைத்தார். "நீ திட்டியிருந்தா நான் ரெண்டே நாள்ல வந்திருப்பேன்டி. நடுத்தெருவுல நின்னு கத்தியிருந்தாக்கூட வந்திருப்பேன். நீ மன்னிச்சிட்ட. என்ன பண்ணேன்னு ஒருத்தருக்கும் தெரியாது, அவங்கவங்க இஷ்டத்துக்கு நெனச்சுக்கிட்டாங்க. ஒன் வீட்டு நகையை எடுத்துட்டேன்னு ஒருத்தி நெனச்சிருக்கா. எங்கிட்டயே வந்து கேட்டா. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? புள்ளையைக் காட்டிக் குடுக்கவா?"

திட்டத் திட்ட எனக்குப் பாதி உயிர் வந்தது. "நீ" என்கிறார். "டி" போடுகிறார்.

"அன்பியத்துல எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடுறேன்க்கா."

"வாயத் தொறந்தீன்னா பாரு. சொன்னா புள்ள பேரு அடிபடும். ஒண்ணும் வேணாம். நீ மன்னிச்ச, நான் பொறுத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

இருபத்தெட்டு வருஷமாகத் தமிழ் வாத்தியார் வேலை பார்க்கிறேன். பரலோக மந்திரத்தில் நாங்கள் தினமும் சொல்லுகிற சொல் மன்னிப்பது அல்ல, பொறுப்பது. எங்களுக்குத் தீமை செய்பவரை நாங்கள் பொறுப்பது போல என்றுதான் வாயில் வருகிறது. பாரத்தைச் சுமப்பதற்கும் அதே சொல்தான். மன்னிப்பதை நான் மேலே நின்றுகொண்டு செய்தேன்; எனக்கு ஒரு செலவும் ஆகவில்லை. அவர் நாலு மாதம் கெட்ட பெயரைத் தூக்கிக்கொண்டு, என் மகளுக்காகத் தெருவில் நடந்திருக்கிறார். சாமியார் ஏன் மெதுவாகச் சொல்லச் சொன்னார் என்று அப்போதுதான் உறைத்தது.

"அப்ப என்னை மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"ஒடனேல்லாம் வராது" என்றார். "நட்ட நாத்து பச்சை புடிக்கவே எட்டு நாள் ஆவுது. போ, ஸ்கூல் புடவையைச் சேறாக்கிட்டு நிக்காத."

அதோடு அவர் வயலில் இறங்கிவிட்டார். பொறுக்க வேண்டியது இப்போது என் முறை.

ஜூலையில் அன்பியம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பட்டாணிச் சுண்டல் செய்தேன். நாற்காலிகளைப் போட்டேன், ஒன்று அதிகமாகவே போட்டேன். பாட்டு முடியும்வரை எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. வாசகம் நடந்துகொண்டிருந்தபோது அக்கா வந்து, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வாசகத்தில் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை.

மன்றாட்டு நேரம். எல்லோரும் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து எழுந்தேன். வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார். திறக்காமலும் இருக்க முடியாது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, இதே அன்பியத்தில் நான் ஒருத்தரைத் தப்பாக மன்னித்துவிட்டேன். அவர்கள் எனக்கு ஒரு குறையும் செய்யவில்லை. நான்தான் செய்தேன். அதற்காக என்னைப் பொறுத்தருளும்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பாக மன்னிப்பதா, அப்படி ஒரு பாவம் உண்டா என்று முழித்தார்கள். வாசல் பக்கத்திலிருந்து அக்கா குரல் மட்டும் முதலில் வந்தது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

உட்காரப் போனேன். அக்கா எழுந்து நின்றார். அவர் மன்றாட்டு சொல்கிற ஆள் இல்லை. பதில் மட்டும்தான் சொல்வார்.

"ஆண்டவரே, டீச்சருக்குக் கோபம் வரும்னு நான் ஒருத்தங்ககிட்ட சொன்னேன். அது பொய் இல்ல. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஆனா டீச்சரப் பத்திப் பாதிதான் சொன்னேன். மீதியச் சொல்லாம விட்டுட்டேன். அதுக்கு என்னையும் பொறுத்துக்கும்."

கேட்டருளும் என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது என் கணவர்தான். கோபம் என்ற பகுதிக்குச் சொன்னாரா, மீதிக்குச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா சமையற்கட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டு நின்றார். நான் துடைத்துக் கவிழ்த்தேன். பாத்திரம் அன்று சத்தமே போடவில்லை.

"அந்த மீதி என்னக்கா?" என்றேன்.

"ஒங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நல்ல எடம் வரட்டும். வந்து விசாரிப்பாங்கல்ல, அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்."

இதை எழுதப்போகிறேன் என்று இருவரிடமும் கேட்டேன். மகள் சரி என்றாள். அக்கா, பெயர் போடக்கூடாது என்றார். இரண்டு மூன்று வரன்கள் வந்திருக்கின்றன. இன்னும் யாரும் தெருவில் விசாரிக்கும் அளவுக்கு வரவில்லை. மகளுக்கு ஒரு அவசரமும் இல்லை. எனக்குத்தான் அந்த மீதியைக் கேட்டுவிட வேண்டும் போல இருக்கிறது.